மாமாவும் அத்தையும் ஊரில் இல்லை

காலை நிகழ்ச்சியில் ஏழே முக்காலுக்கு ஒரு கேள்வி போடுவது எங்கள் வழக்கம். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டுமே! சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாள் இப்படிக் கேட்டேன்: “வேலை ஓய்வு பெற்ற அம்மா அப்பா, வருசத்துல மூணு நாலு மாசம் வீட்டைப் பூட்டிட்டு வெளியூர்ல போய் இருந்தா உங்களுக்குச் சம்மதமா?”

காலைப் பசியாறலுக்கு இட்லியா, நாசி லெமாக்கா என்று கேட்டால்தான் வழக்கமாக வாட்ஸ்அப் நிரம்பும். அன்று அதையும் மிஞ்சிவிட்டது. “பேரப்பிள்ளைய யாருங்க பாத்துக்கறது?” என்று ஒரு தாயார் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. காஜாங்கிலிருந்து பேசிய ஒருவர், “அப்பா கேமரன் மலைக்குக் காரை எடுத்துட்டுப் போறேன்னு நிக்கிறாரு, சாவிய அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்” என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் அனுப்பிய குரல்பதிவை மட்டும் நான் ஒலிபரப்பவில்லை. மனைவி ஓய்வு பெற்ற பிறகு இருவருமாக ஊர் ஊராகப் போவோம் என்று இரண்டு பெட்டி வாங்கி வைத்திருந்தாராம். அந்த அம்மா ஓய்வு பெற்ற நான்காவது மாதம் தவறிவிட்டார். “பெட்டி ரெண்டும் இன்னும் பிளாஸ்டிக் பிரிக்காம இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏழே முக்கால் மணிக்கு, இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே வைக்கிற பதிவு இல்லை அது.

அன்று காற்றில் சொல்ல நேரமில்லாத ஒரு கதை என்னிடம் இருந்தது. என் சொந்த அத்தை, மாமா கதை. எழுதலாமா என்று கேட்டேன். “பேரு போடாத, போட்டோ போடாத, மத்தபடி எழுதிக்க” என்றார் மாமா. அத்தை மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: “எங்கள ரொம்ப நல்லவங்களா காட்ட வேணாம். நடந்தத எழுது.”

மாமாவுக்கு வயது 68. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை. கே.டி.எம். 1992இல் அரசாங்க இலாகாவாக இருந்து நிறுவனமாக மாறியதை உள்ளே இருந்து பார்த்தவர். அத்தைக்கு 66. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். மாமா இன்றும் அவரை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார். நோயாளிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். இருவருக்கும் ஷிப்ட் வேலை. ஒருவர் இரவு வேலை முடித்துக் கதவைத் திறக்கும்போது மற்றவர் காலணி மாட்டிக்கொண்டிருப்பார். சமையலறை மேசையில் சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொண்ட குடும்பம் அது. ‘மீன் குழம்பு கீழ்த்தட்டில். மகளுக்குக் காய்ச்சல் மருந்து எட்டு மணிக்கு.’ இந்த மாதிரிச் சீட்டுகளை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

“நாங்க ஒரே நேரத்துல தூங்கி ஒரே நேரத்துல எழுந்த நாளை எண்ணுனா, முப்பது வருசத்துல பாதிகூட வராது” என்பார் அத்தை. இதைப் புலம்பலாகச் சொல்ல மாட்டார். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்.

அத்தை ஓய்வு பெற்ற முதல் வருடம் எங்கும் போகவில்லை. மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வருடம் ஆகஸ்டு மாதம் கேமரன் மலையில் ஆறு வாரம் வீடு எடுத்துப் போய்த் தங்கினார்கள். அதற்குக் காரணம் இயற்கை அழகு அல்ல, புகைமூட்டம்.

கிள்ளான்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் பிரகடனம் செய்தார்களே, அந்தப் புகை. அத்தை அப்போது பணியில் இருந்தார். மூச்சுத் திணறி வருகிற பிள்ளைகளுக்கு நெபுலைசர் வைத்து வைத்து, கடைசியில் அவருக்கே இழுப்பு வந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும், காற்றுத் தரக் குறியீடு ஏற ஏற, வீட்டில் சன்னல்கள் சாத்தப்படும், ஈரத்துணி தொங்கும், அத்தை கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். “ஏன் இங்கேயே கிடக்கணும்? மேல போயிடலாம்” என்று மாமா சொன்னது அப்படித்தான்.

இந்த யோசனை அவருக்கு வந்த வழி சுவையானது. வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை தானா ராத்தாவில் வயதான ஜப்பானியத் தம்பதி ஒன்றைப் பார்த்தாராம். தோளில் பை, கையில் ஊன்றுகோல். சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் இரண்டு மாதமாக அங்கேயே குடியிருக்கிறார்கள். சொந்த ஊர்க் குளிருக்கும் வெக்கைக்கும் தப்பி, ஓய்வூதியத்தில் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கிய ஜப்பானியர்கள் ஒரு காலத்தில் கேமரனில் கணிசமாக இருந்தார்கள். நம் அரசாங்கமும் 1996இல் ‘சில்வர் ஹேர்’ என்றும் பிறகு ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்றும் திட்டம் போட்டு அவர்களை வரவேற்றது. “எங்கிருந்தோ பறந்து வந்து நம்ம மலையில உட்காந்து டீ குடிக்கிறான். நான் தாப்பா ரோட்டுல ரெண்டு மணி நேரம் ஏறுனா போதும். எனக்கு யாரும் திட்டம் போட்டுக் குடுக்கலியேன்னு நெனச்சேன்” என்றார் மாமா.

சும்மா நாலு நாள் சுற்றிப் பார்ப்பதற்கும் ஆறு வாரம் தங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அத்தை சொன்ன பதில்: “நாலு நாள் போனா ஸ்ட்ராபெர்ரி வாங்குவ. ஆறு வாரம் இருந்தா கீரை வாங்குவ.” சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் பிரிஞ்சாங் சாலையில் கார்கள் நகராது. அந்த நாள்களில் அவர்கள் வெளியே கால் வைப்பதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை ஊர் அவர்களுடையது. காலையில் பனி விலகுமுன் நடை. செவ்வாய், வெள்ளி பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில். வாரம் ஒருநாள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம். போ தோட்டம் தொடங்கியது 1929இல். அந்த மலைச்சரிவுகளைச் சீராக்கிய கைகளில் எத்தனை நம்மவர் கைகள்! இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு நாட்டுக்காரர்கள். ஆனால் ரிங்லெட், ஹபு பக்கம் தமிழ் பேசுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பாட்டி அத்தையிடம், “பென்சன்காரங்களா? எங்களுக்கு மலைய விட்டு எறங்கறதுதான் ஹாலிடே” என்றாராம்.

அந்தப் பாட்டி சொன்னதை நான் இங்கே வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எல்லாரும் இப்படிப் போகலாமே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அத்தைக்கு மாதாமாதம் அரசாங்க ஓய்வூதியம் வருகிறது. மாமாவின் சேமநிதி வீட்டுக் கடனுக்கும் மகள் படிப்புக்கும் போக மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. வீடு சொந்த வீடு. தோட்டத்தில் ஐம்பது வருடம் பால் வெட்டிவிட்டு, சேமநிதியில் ஏதோ சில ஆயிரத்தோடு வெளியே வந்த எத்தனையோ தாத்தா பாட்டிகளுக்கு, ‘காலத்துக்கு ஏற்ற ஊர்’ என்பதெல்லாம் வேறு உலகத்துப் பேச்சு.

சரி, மாமாவின் வருட அட்டவணைக்கு வருகிறேன். ரயில்வேக்காரர் அல்லவா, அட்டவணை இல்லாமல் அவரால் மூச்சு விட முடியாது. கோயிலில் கொடுக்கிற தினசரி நாள்காட்டியின் பின்னட்டையில் பேனாவால் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருப்பார். பொங்கல், தைப்பூசம், தீபாவளி மூன்றும் வீட்டில். அதில் மாற்றம் கிடையாது. தைப்பூசம் முடிந்ததும் கெடா. ஜூன் மாதம் கிழக்குக்கரை ரயில். ஆகஸ்டு, செப்டம்பர் மலை. தீபாவளி முடிந்து நவம்பரில் இரண்டு வாரம் தைப்பிங்.

நவம்பரில் தைப்பிங்கா என்று ஊர் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். தீபகற்பத்திலேயே அதிகம் நனைகிற ஊர் அது. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம், பழைய கதை. மாமா போவதே அந்த மழைக்குத்தான். ஏரிப் பூங்காவின் ஓரத்தில், சாலைக்கு மேல் கை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்க்கும் அந்தக் கிழட்டு மழைமரங்களுக்கு அடியில் குடை பிடித்து நிற்பார். நாட்டின் முதல் ரயில் 1885இல் ஓடியது தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு. இன்றைய கோல செபெத்தாங். பதின்மூன்று கிலோமீட்டர்கூட முழுதாக இல்லாத பாதை, அதுவும் இப்போது கிடையாது. பாதை போன தடத்தை மாமா எனக்கு விரலால் காட்டிக்கொண்டே போனார். எனக்கு அங்கே கடைகளும் சாலையும்தான் தெரிந்தன. அவருக்குத் தண்டவாளம் தெரிந்தது.

கிழக்குக்கரை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதில் ஏறியதே இல்லை. கிம்மாசில் பிரிந்து, பகாங்கின் நடுவே புகுந்து, கிளந்தானில் தும்பாட் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் போகிற பாதை. முழுப் பாதையும் திறக்கப்பட்டது 1931இல். மேற்குப் பக்கம் ஓடும் இ.டி.எஸ். போல மின்சார வேகம் கிடையாது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஒரு சின்ன நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். மாமா கடிகாரத்தைப் பார்ப்பார், ஆனால் எரிச்சல்பட மாட்டார். “அவன் சிக்னலுக்காக நிக்கிறான். நிக்கணும். நின்னாதான் நான் உயிரோட போவேன்” என்பார்.

கிள்ளானிலிருந்து கோமுட்டர், கேஎல் சென்ட்ரலிலிருந்து கிம்மாஸ், அங்கே வண்டி மாறிக் கோல லிப்பிஸ். அங்கே இரவு தங்கல். ஒரு காலத்தில் பகாங்கின் தலைநகராக இருந்து, பிறகு கைவிடப்பட்ட சிற்றூர். அதனாலேயே பழைய கட்டடங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. மறுநாள் குவா மூசாங். நிலையத்துக்குப் பின்னாலேயே சுண்ணாம்புப் பாறை சுவர்போல எழுந்து நிற்கும். அதற்கப்பால் தாபோங், ஸ்தோங் மலை, ஆறு, காடு. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிற மக்சிக்களும். ரயில்தான் அவர்களுக்குப் பேருந்து. 2014 டிசம்பர் பெருவெள்ளம் கெமுபு பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது அந்தக் கிராமங்கள் பட்ட பாட்டை மாமா சொல்லும்போது குரல் மாறும். குசியாலில் கிளந்தான் ஆற்றைக் கடக்கும் கில்லமார்ட் இரும்புப் பாலத்துக்கு வேறு கதை. 1941இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை தானே குண்டு வைத்துத் தகர்த்த பாலம் அது. பிறகு சரிசெய்து நிறுத்தினார்கள்.

இந்தப் பாதையை மாமா தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் இந்தப் பாதையின் பெரும்பகுதித் தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். இரும்பும் இங்கிருந்து போனது, ஆளும் இங்கிருந்து போனார்கள். தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை. மாமாவின் பெரிய தாத்தா அதில் ஒருவர். “அவரு எங்க செத்தாருன்னு தெரியாது. எங்க போய்க் கும்பிடறது? தண்டவாளம் போன எடம் தெரியும். அதான்” என்றார். தும்பாட்டில் இறங்கியதும் பாதை முடியும் இடம்வரை நடந்து போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். அத்தை பேச மாட்டார். பிறகு இருவரும் போய் நாசி கெராபு சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் அத்தைக்கு மீன் இல்லாமல்.

இனி, அத்தை ‘நடந்தத எழுது’ என்று சொன்ன பகுதி.

முதல் முறை கேமரன் போனபோதே வீட்டில் பூகம்பம். அத்தை மகள், எனக்கு அக்கா முறை, வங்கியில் வேலை. கணவருக்கு ஜொகூரில் பாதி வாரம். நான்கு வயதும் ஒன்றரை வயதுமாக இரண்டு பிள்ளைகள். “அம்மா போயிட்டா நான் என்ன பண்றது?” என்பது நியாயமான கேள்வி. அதற்கு அவள் அடுத்து சொன்னதுதான் சங்கடம்: “உங்களுக்கு வேற என்ன வேலை இருக்கு?” அத்தை பதில் சொல்லவில்லை. நாற்பது வருட ஷிப்ட் வேலைக்குப் பிறகு, மகள் வாயால் அதைக் கேட்கிற மனசுக்கு என்ன பதில் இருக்கும்?

அக்காவைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. அவள் அன்று பேபிசிட்டர் தேடி அலைந்ததும், மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு அதற்குப் போனதும் எனக்குத் தெரியும். அவளே பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “பேபிசிட்டருக்குக் காசு கட்ட ஆரம்பிச்ச பிறகுதான், அம்மா எனக்கு எவ்ளோ குடுத்துக்கிட்டு இருந்தாங்கன்னு கணக்கே தெரிஞ்சுது.” எனக்கும் அதுதான் தோன்றுகிறது. பாட்டி பேரப்பிள்ளையைப் பார்ப்பது பாசம்தான், சந்தேகமில்லை. காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை, வாரம் ஐந்து நாள் பார்ப்பது வேலையும்கூட. வேலை என்றால் அதற்கு விடுமுறை உண்டு என்று ஒப்புக்கொள்ள நாம் ஏனோ தயங்குகிறோம்.

ஒருவழியாக உடன்பாடு வந்தது. அட்டவணையின் ஒரு பிரதி அக்கா வீட்டுக் குளிர்பெட்டிக்கும் போனது. ஊரில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் அத்தையிடம். இல்லாத மாதங்களில் பேபிசிட்டர், அதில் பாதிச் செலவு மாமாவுடையது. எல்லாரும் பெருமூச்சு விட்டோம்.

மூன்றாவது வருட ஜூனில், மாமாவும் அத்தையும் தாபோங்கில் இருந்தபோது, கிள்ளானில் மாமாவின் அண்ணன் தவறிவிட்டார். படுக்கையில் கிடந்தவர் இல்லை. காலையில் சந்தைக்குப் போய் வந்தவர், பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காட்டுக்குள் போன் கோடு விழவில்லை. செய்தி போய்ச் சேர மாலை ஐந்தாகிவிட்டது. அடுத்த ரயில் மறுநாள். கம்பத்துக்காரர் ஒருவர் தன் காரில் குவா மூசாங் வரை கொண்டுவந்து விட்டார், காசு வாங்கவில்லை. அங்கே இரவுப் பேருந்தில் இடமில்லை, காத்திருந்து, மாறி ஏறி, கிள்ளான் வந்து இறங்கும்போது மறுநாள் மதியம் ஒன்றரை. வீட்டில் இரண்டு மணிக்கு எடுப்பதாக இருந்ததை வெயிலையும் ஐயர் நேரத்தையும் பார்த்துப் பன்னிரண்டரைக்கே எடுத்துவிட்டார்கள். மாமா சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியாகிவிட்டது.

பதினாறாம் நாள்வரை அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். “ஊர் சுத்தப் போயி அண்ணன் மொகத்தக்கூடப் பாக்கல.” சிலர் முதுகுக்குப் பின்னால், ஒருவர் முகத்துக்கு நேராகவே. மாமா யாருக்கும் பதில் சொல்லவில்லை. கெடா பயணச்சீட்டுகளை ரத்து செய்தார். குளிர்பெட்டியிலிருந்து அட்டவணையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். அந்த வருடம் ஆகஸ்டில் புகை வந்தது. அத்தை மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினார்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் இரவு அத்தை தானே கே.டி.எம்.பி. செயலியைத் திறந்து, எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்து, தைப்பிங்குக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். மாமாவுக்குக் கோபம். “அண்ணன் செத்து வருசம்கூட ஆவல” என்றாராம். அதற்கு அத்தை சொன்னதை மாமாவே என்னிடம் சொன்னார்: “அவரு சாகும்போது நாம பக்கத்துத் தெருவுல இருந்திருந்தாலும் சந்தையிலேருந்து வந்த மனுசன நிறுத்தியிருக்க முடியாது. மொகம் பாக்கலங்கறது எனக்கும் வருத்தம்தான். ஆனா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரு போன பிறகு, மத்தவரு தனியா எந்த ரயிலும் ஏறப்போறதில்ல. எனக்கு அது நல்லாத் தெரியும். ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன்.”

போனார்கள். சொந்தக்காரர்களில் இரண்டு குடும்பம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அது தீர்ந்துவிட்டதாக எழுதினால் பொய்யாகிவிடும்.

ஆனால் சில ஏற்பாடுகள் மாறின. தங்குமிடம் எடுக்குமுன் மாமா கேட்கும் முதல் கேள்வி இப்போது வாடகை அல்ல, போன் கோடு. தாபோங்கில் இனி ஒரு இரவுக்கு மேல் தங்குவதில்லை. எந்த ஊரிலிருந்தும் இரவில் கிள்ளானுக்கு வர என்ன வழி என்று ஒரு தாளில் எழுதி அத்தையின் கைப்பையில் இருக்கும். இருட்டிய பிறகு காரை எடுப்பதில்லை, இடக்கண்ணில் புரை. காஜாங் நேயரே, உங்கள் அப்பாவுக்கு ரயிலைச் சொல்லிப் பாருங்கள். அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டணக் கழிவும் உண்டு. பள்ளி விடுமுறைக் காலத்தில் மட்டும் முன்கூட்டியே எடுக்காவிட்டால் இடம் கிடைக்காது.

மருந்து விஷயம் பலர் கேட்டிருந்தீர்கள். அத்தைக்கு நீரிழிவு, இன்சுலின் போடுகிறார். அரசாங்க மருத்துவமனையில் தொடர் மருந்து வாங்குகிறவர்கள், அடுத்த மாத மருந்தை வேறு ஊர் அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருந்தகப் பிரிவில் சொல்லி, எந்த ஊர், எந்தத் தேதி என்று பதிந்துவிட வேண்டும். முப்பது வருடம் உள்ளே வேலை செய்த அத்தைக்கு இது தெரியும். வெளியே இருக்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திறக்காத இன்சுலினுக்குக் குளிர் தேவை, அதற்கு ஐஸ் கட்டி வைத்த ஒரு சின்னப் பை. பயன்பாட்டில் இருக்கும் பேனா பொதுவாக நான்கு வாரம்வரை சாதாரண அறை வெப்பத்தில் தாங்கும். ஆனால் காருக்குள் விட்டுவிட்டு இறங்கினால் வீணாகிவிடும். உங்களுடைய மருந்து எந்த ரகமோ அதை மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பூட்டுவது ஒரு தனிச் சடங்கு. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் தரையில் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. குளிர்பெட்டி செங்கல் மேல், வீட்டுப் பத்திரமும் அடையாள ஆவணங்களும் அக்கா வீட்டில். பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வைப்பது மாமாவின் வேலை. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் புழு இருந்தால் சுகாதார இலாகா 500 ரிங்கிட் வரை அபராதம் போடும், வீட்டில் ஆள் இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருக்காது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பதிலுக்கு மலையிலிருந்து சோளமும் தக்காளியும் வரும்.

இந்த வருடத் தைப்பூசம் முடிந்து அவர்கள் கெடாவுக்குக் கிளம்புகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை கொட்டும். அத்தை சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது இலை கொட்டும் காலம் என்றால் பால் குறையும், அப்பாவின் கூலி குறையும், வீட்டில் ஒருவேளைக் கஞ்சி. மரம் செம்பழுப்பாகி மொட்டையாகும் அழகை அந்த வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அதைப் பார்க்கவென்றே மூன்று வாரம் போய்த் தங்குகிறார். ஒருநாள் மெர்போக் போய்ப் பூஜாங் பள்ளத்தாக்குச் சண்டிகளையும் எட்டிப் பார்ப்பார்கள். கடாரத்துக்கு ராஜேந்திர சோழன் வந்தது பாய்மரத்தில், நாம் வந்தது இ.டி.எஸ்.சில் என்று மாமா வழக்கமான நகைச்சுவையைச் சொல்வார். அத்தை வழக்கம்போல் சிரிக்க மாட்டார்.

இந்த முறை ஒரு வார இறுதிக்கு அக்காவும் பிள்ளைகளும் போகிறார்கள். டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். மூத்த பேரனுக்கு இப்போது எட்டு வயது, எங்கே உட்காருவது என்று தாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறான். ஈப்போ தாண்டும்வரை வலப்பக்கம், மலைகள் அந்தப் பக்கம்தான். பிறகு பெராபிட் சுரங்கம் வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டு, பயப்படாதே, அந்தப் பக்கம் தாத்தா வேலை செய்த இடம். தைப்பிங் தாண்டி புக்கிட் மேரா ஏரி வரும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சரி, இரண்டு பக்கமும் தண்ணீர்தான் என்று சொல்லியிருக்கிறார் மாமா.